பாரிஸில் மூன்று மணி நேரக் குரோசான் வகுப்பு: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

பாரிஸுக்குச் சுற்றுலா போகிறவர்கள் சேரக்கூடிய பேஸ்ட்ரி வகுப்புகளில் பலருடைய கண் முதலில் போவது குரோசான் (வெண்ணெய் அடுக்குகள் கொண்ட பிரெஞ்சு ரொட்டிச் சுருள்) வகுப்பின் மேல்தான். மூன்று மணி நேரம், ஒருவருக்குச் சுமார் 100 முதல் 150 யூரோ, ஆங்கிலத்தில் விளக்கம், கிளம்பும்போது கையில் ஒரு பை நிறையச் சூடான குரோசான். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வெண்ணெயின் பதத்தைக் கையால் தொட்டுத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் மாவு பிசைவதில் தொடங்கிச் சுட்டு எடுப்பதுவரை அத்தனையும் நம் கையால் நடக்கும் என்று எண்ணிப் போனால் ஏமாற்றம்தான். ஊருக்குத் திரும்பியதும் அப்படியே செய்துபார்க்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்றால், அதே காசுக்கு எக்லேர் (உள்ளே கிரீம் நிரப்பி மேலே சாக்லேட் பூசிய நீளமான பேஸ்ட்ரி) வகுப்பில் சேருவது புத்திசாலித்தனம். காரணங்களைப் பார்ப்போம்.

கடிகாரக் கணக்கு

குரோசான் மாவைப் பிசைந்து, ஒரு மணி நேரம் உப்பவிட்டு, காற்றை அமுக்கி எடுத்து, ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வைக்க வேண்டும். மறுநாள்தான் வெண்ணெய் வைத்து மடிப்பது. ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் குளிரில் ஓய்வு. வெட்டிச் சுருட்டிய பிறகு மறுபடி இரண்டு, இரண்டரை மணி நேரம் உப்ப வேண்டும். கடைசியாக ஓவனில் 18 நிமிடம். மொத்தத்தில் ஒன்றரை நாள் வேலை.

இதை மூன்று மணி நேரத்துக்குள் எப்படி அடக்குகிறார்கள்? அடக்குவதில்லை, சங்கிலி போட்டுவிடுகிறார்கள். மேஜையில் உங்களுக்குக் காத்திருப்பது முந்தின நாள் பிசைந்து குளிர வைத்த மாவு. நீங்கள் பிசைகிற மாவு நாளைக்கு வருகிறவர்களுக்கு. சில இடங்களில் ஓவனிலிருந்து வெளியே வருவதுகூட முன்னால் சுருட்டி வைத்த வேறொரு தட்டாக இருக்கும். நீங்கள் சுருட்டியது அடுத்த குழுவின் வாய்க்குப் போகும். இதில் மோசடி எதுவும் இல்லை. உண்மையான அடுமனையிலும் வேலை இப்படித்தான் ஓடுகிறது: ஒருவர் பிசைந்ததை இன்னொருவர் மடிப்பார், மூன்றாவது ஆள் சுடுவார். நல்ல ஆசிரியர் இதை முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுவார். சொல்லாமல் தட்டை மாற்றுகிற இடத்துக்கு ஒரு மதிப்பெண் குறைக்கலாம்.

நீங்கள் சுருட்டியதையே சுட்டுத் தருகிற இடங்களும் உண்டு. அங்கே ஓய்வு நேரத்தை ஃப்ரீசரில் சுருக்கி, உப்ப வைப்பதை ஒன்றே கால் மணிக்குள் முடிக்க வேண்டியிருப்பதால் ஈஸ்ட்டைக் கூட்டியாக வேண்டும். வரும் குரோசான் சூட்டில் சாப்பிட நன்றாகவே இருக்கும். ஆனால் உள்ளே துளைகள் சிறிதாக, கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும். ஓர் இரவு குளிரில் மெதுவாகப் புளித்த மாவுக்கு வருகிற லேசான பால் வாசம் வராது. ஆகவே பதிவு செய்யும்போது "நாங்கள் செய்ததையே சுடுவோமா?" என்று கேட்டு, ஆமாம் என்று பதில் வந்ததும் மகிழ்ந்துவிட வேண்டாம். அந்த ஆமாமுக்கும் ஒரு விலை இருக்கிறது.

வெண்ணெய்ப் பதம்

வகுப்பின் உயிர் இந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது. காசு வீணா இல்லையா என்பது இங்கேயே முடிவாகிவிடும்.

மாவுக்கு நடுவே ஒரு வெண்ணெய்ப் பாளத்தை வைத்து மூடி, தேய்த்து, மடித்து, மறுபடி தேய்ப்பதுதான் மொத்த வித்தை. அரை கிலோ மாவில் செய்த பிசைவுக்குச் சுமார் 250 கிராம் வெண்ணெய். அதைக் காகிதத்துக்குள் வைத்துக் கட்டையால் தட்டித் தட்டி 18 செ.மீ. சதுரமாக, ஏறக்குறைய 8 மி.மீ. கனத்துக்குக் கொண்டுவருவார்கள். மாவை அதே அகலத்துக்கும் இரண்டு மடங்கு நீளத்துக்கும் தேய்த்து, வெண்ணெயை நடுவில் வைத்து, இரு ஓரங்களையும் நடுவில் சேர்த்து ஒட்டுவார்கள். பிறகு 60 செ.மீ. நீளம் வரை தேய்த்து நாலாக ஒரு மடிப்பு. ஓய்வுக்குப் பிறகு மறுபடி தேய்த்து மூன்றாக ஒரு மடிப்பு. நான்கு பெருக்கல் மூன்று, 12 வெண்ணெய் அடுக்கு. மூன்று தடவை மூன்றாக மடிக்கிறவர்களும் உண்டு, அப்போது 27. அடுக்கு கூடினால் ருசி கூடும் என்று நினைப்பது தப்பு. அடுக்குகள் மெலிந்துபோனால் வெண்ணெய் மாவோடு கலந்து, உள்ளே தேன்கூடு மாதிரி திறந்து நிற்க வேண்டிய இடம் ரொட்டியாகிவிடும். வீட்டில் செய்கிறவர்களுக்கு 12 போதும்.

பரோட்டா போடத் தெரிந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பரோட்டாவில் எண்ணெய் திரவம். மாவை வீசி மெலிதாக்கிச் சுருட்டினால் அடுக்கு வந்துவிடும். குரோசானில் கொழுப்பு கடைசிவரை திடமாகவே இருந்து, மாவு நீளும்போது அதுவும் கூடவே நீள வேண்டும். இளகிய வெண்ணெய் தடவி மடித்தால் பரோட்டா மாதிரி வந்துவிடும் என்று எண்ணினால் ஓவன் தட்டில் நெய்க்குளம்தான் மிஞ்சும்.

வெண்ணெயும் மாவும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். வெண்ணெய்க்கு 13 முதல் 16 டிகிரி. அதை எண்ணால் நினைவு வைப்பதைவிடக் கையால் நினைவு வைப்பது நல்லது. பாளத்தை எடுத்து மேஜை விளிம்பில் வளைத்துப் பாருங்கள். விரிசல் விடாமல் வளைந்து, விரலால் அழுத்தினால் குழி விழுந்து, விரலில் ஒட்டாமல் இருந்தால் சரியான பதம். வளைக்கும்போது ஓரத்தில் முடி மாதிரிக் கீறல் தெரிந்தால் இன்னும் குளிராக இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே மாவுக்குள் வைத்துத் தேய்த்தால் உள்ளே சில்லு சில்லாக உடையும். மாவின் மேற்புறத்தில் வெளிர் மஞ்சள் திட்டுகளும் இடையிடையே வெண்ணெயே இல்லாத கோடுகளும் தெரியும். அந்தக் கோடுகளில் அடுக்கு பிரியாது. இதற்கு நேர்மாறாக வெண்ணெய் இளகிவிட்டால், தேய்க்கும்போது கட்டைக்கு முன்னால் ஓரமாக வழுக்கிக்கொண்டு ஓடி, மூலைகளில் பிதுங்கும். முதல் தவறுக்கு ஐந்து நிமிடம் வெளியே வைத்துக் கட்டையால் மெதுவாகத் தட்டினால் ஓரளவு சரிசெய்யலாம். இரண்டாவதை ஃப்ரிட்ஜில் வைத்துத் தடுக்க மட்டும்தான் முடியும். மாவில் ஊறிப்போனதை மீட்க வழியில்லை.

வகுப்பில் இதெல்லாம் எளிதாகத் தெரிவதற்கு ஒரு முக்கியக் காரணம் வெண்ணெய்தான். பிரான்சில் கடைகளில் கிடைக்கும் சாதாரண வெண்ணெயில் கொழுப்பு 82 சதவீதம். அடுக்கு மாவுக்கென்றே விற்கும் தகட்டு வெண்ணெயில் 84 சதவீதம்; தண்ணீர் குறைவு, உருகுவதும் சற்று மெதுவாக. ஷாரான்ட்-புவாத்து பகுதி வெண்ணெய் இந்த வேலைக்குப் பேர்போனது. எந்த வெண்ணெய் தருகிறார்கள் என்று உறையைப் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சமையல் குறிப்புத் தாளில் வெறுமனே "வெண்ணெய் 250 கிராம்" என்றுதான் அச்சிட்டிருப்பார்கள்.

இன்னொன்று, லாமினேட்டர். இரண்டு உருளைகளுக்கு நடுவில் மாவைத் தள்ளித் தேய்க்கும் இயந்திரம். அடுமனையில் அது அவசியம். வகுப்பில் அது உங்கள் எதிரி. இயந்திரத்தில் தேய்த்துத் தரும் வகுப்பில் குரோசான் அழகாக வரும், ஆனால் மாவு எப்போது "போதும், என்னை விடு" என்று சுருங்கி இழுக்கிறது என்பது கைக்குத் தெரியாமலே போய்விடும். தேய்த்த மாவு விட்டவுடன் பின்னுக்குச் சுருங்கினால் அதில் இழுவை அதிகம், ஓய்வு போதவில்லை. பலத்தைக் கூட்டித் தேய்த்தால் அடுக்குகள் கிழியும். இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தால் தானாக இணங்கும். கட்டையால் தேய்க்கும் வகுப்புகளில் இந்த ஒரு பாடத்துக்கே பாதிக் காசு சரியாகிவிடும்.

இருவருக்கு ஒரு மாவு என்று கொடுப்பது பரவலான வழக்கம். தம்பதியாகப் போகிறவர்களுக்குப் பிரச்சினை இல்லை. தனியாகப் போகிறவர்கள் பக்கத்தில் நிற்பவரிடம் முதல் மடிப்பு உங்களுக்கு, இரண்டாவது எனக்கு என்று ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் துணிச்சல்காரர் கையிலேயே கட்டை கடைசிவரை இருக்கும்.

வெட்டு, சுருட்டு, சூடு

கடைசித் தேய்ப்பில் கனம் 4 மி.மீ.க்கு வர வேண்டும். ஓரங்களைக் கூர்மையான கத்தியால் நறுக்கி எடுத்தால் பக்கவாட்டில் கோடு கோடாக அடுக்கு தெரியும். தெரியாவிட்டால் விளைவு இப்போதே தெரிந்துவிட்டது. கத்தியை இழுத்து அறுக்காமல் நேராக அழுத்தி வெட்டச் சொல்வார்கள். இழுத்தால் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடி 10 செ.மீ., உயரம் 28 செ.மீ. அளவில் முக்கோணம் வெட்டினால் ஒன்று 60 கிராமுக்குக் கொஞ்சம் முன்பின்னாக வரும். அடியின் நடுவில் சின்னக் கீறல், மெதுவாக ஓர் இழுப்பு, பிறகு இறுக்காமல் சுருட்டி நுனியை அடியில் வருமாறு வைக்க வேண்டும். நுனி மேலே இருந்தால் ஓவனில் தலை தூக்கிக்கொள்ளும். இறுக்கிச் சுருட்டினால் நடுப்பகுதி வேகாமல் பிசுக்கென்று நிற்கும்.

பிறைபோல வளைக்கலாமா, நேராக விடலாமா என்ற கேள்வி எல்லா வகுப்பிலும் எழும். பிரான்சில் வழக்கப்படி முழு வெண்ணெய்க் குரோசான் நேராக இருக்கும்; மார்கரின் சேர்ந்ததை வளைப்பார்கள். எல்லாக் கடையும் இதைப் பின்பற்றுவதில்லை.

உப்ப வைக்கும் சூடு 25, 26 டிகிரி. 28-ஐத் தாண்டினால் உள்ளே வெண்ணெய் இளகித் தட்டில் ஒழுகும். சரியாக உப்பியதற்கு அடையாளம், தட்டை லேசாக ஆட்டினால் குரோசான் தளதளவென்று ஆட வேண்டும், பக்கத்தில் அடுக்குகள் பிரிந்து நிற்க வேண்டும். அரைகுறையாக உப்பியதை ஓவனில் வைத்தாலும் வெண்ணெய் ஒழுகும் என்பது பலருக்கும் வியப்பான செய்தி. மாவு இறுகி இருப்பதால் உருகிய வெண்ணெயைப் பிடித்து வைக்க உள்ளே இடம் இல்லை. தட்டில் நெய் தேங்கினால் உடனே ஓவனைத் திட்டாமல் இந்த இரண்டில் எது நடந்தது என்று பாருங்கள்.

முட்டை தடவும்போது வெட்டுப்பட்ட பக்கங்களில் படக்கூடாது. பட்டால் அடுக்குகளைப் பசை போட்ட மாதிரி ஒட்டிவிடும். விசிறி ஓவனில் 180 டிகிரி, விசிறி இல்லாததில் 190 முதல் 200. நிறம் நன்றாகச் சிவக்கட்டும். வெளிறிய குரோசான் ஆறியதும் தொய்ந்துவிடும்.

மிச்ச மாவில் பான் ஓ ஷோகோலா செய்யச் சொல்லித் தருவார்கள். செவ்வகத் துண்டில் இரண்டு சாக்லேட் குச்சி வைத்துச் சுருட்டுவது, குழந்தைகூடச் செய்யும். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

காசு மதிப்பில் முந்துவது எக்லேர்

எக்லேருக்கான மாவுக்கு ஷூ பேஸ்ட்ரி என்று பெயர். அதற்கு ஈஸ்ட் வேண்டாம், ஓர் இரவு ஓய்வும் வேண்டாம். அடுப்பில் ஏற்றியதிலிருந்து மேலே சாக்லேட் பூசுவது வரை அத்தனையும் மூன்று மணி நேரத்தில் உங்கள் கையாலேயே முடிந்துவிடும். எங்கே தவறு நடந்தது, ஏன் நடந்தது என்று அதே மேஜையில் வைத்துப் பார்க்கலாம். பயிற்சி என்ற வகையில் இதற்கு ஈடு இல்லை. பாரிஸ் போகிற எல்லோரும் குரோசானையே கேட்பதால் எக்லேர் வகுப்பைப் பலரும் கவனிப்பதில்லை.

125 மி.லி. தண்ணீர், 125 மி.லி. பால், 110 கிராம் வெண்ணெய், 4 கிராம் உப்பு, 5 கிராம் சர்க்கரை. கொதி வந்தவுடன் 140 கிராம் மாவை ஒரேயடியாகக் கொட்டிக் கிளற வேண்டும். கொதித்துக்கொண்டே இருக்கவிட்டால் தண்ணீர் ஆவியாகி அளவு தவறும். வெண்ணெய் உருகுவதும் முதல் கொதி வருவதும் ஒரே நேரத்தில் நடக்க வெண்ணெயைச் சின்னச் சின்னத் துண்டாகப் போட வேண்டும். மாவு திரண்டு உருண்டையானதும் வேலை முடியவில்லை. மிதமான தீயில் இரண்டு மூன்று நிமிடம் கிளறிக்கொண்டே இருந்தால் பாத்திரத்தின் அடியில் மெல்லிய ஆடை ஒட்டும். அந்த ஆடைதான் போதுமான ஈரம் போய்விட்டது என்ற சேதி. களி கிண்டிப் பழகிய கைக்கு இந்த இடம் சுலபம்.

அடுத்தது முட்டை, சுமார் 250 கிராம், அதாவது நாலு அல்லது ஐந்து. மாவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். சூட்டில் ஊற்றினால் முட்டை வெந்து திரியும். குறிப்பில் எழுதிய முட்டை அளவை நம்பிக் கடைசிச் சொட்டுவரை ஊற்றுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. மாவை எவ்வளவு உலர்த்தினோம் என்பதைப் பொறுத்து முட்டை கூடும், குறையும். கரண்டியால் அள்ளித் தூக்கினால் மாவு கனமாக நழுவி, முனையில் பறவை அலகு மாதிரி முக்கோணமாகத் தொங்க வேண்டும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் தட்டில் பிழிந்தவுடன் பரந்துவிடும். குறைந்தால் ஓவனில் வெடித்துக் கோணலாகும்.

பற்கள் உள்ள 14 முதல் 18 மி.மீ. முனையால் பிழிவது நல்லது. பள்ளங்கள் இருப்பதால் மேற்பரப்பு சீராக விரியும். வழுவழுப்பான முனையில் பிழிந்தால் ஒரு பக்கம் மட்டும் வெடிக்கும் வாய்ப்பு கூடுதல். 170 முதல் 180 டிகிரியில் 30, 35 நிமிடம். முதல் 20 நிமிடம் ஓவனைத் திறக்கவே கூடாது. உள்ளிருக்கும் நீராவிதான் தூக்கி நிறுத்துகிறது, சுவர் காய்ந்து இறுகும் முன் குளிர்காற்று பட்டால் சப்பையாகிவிடும்; சப்பையானது மறுபடி எழாது.

உள்ளே நிரப்பும் பேஸ்ட்ரி கிரீமில் ஒரு நுட்பத்தை ஆசிரியர் சொல்கிறாரா என்று கவனியுங்கள். அரை லிட்டர் பால், ஐந்து மஞ்சள் கரு, 100 கிராம் சர்க்கரை, 45 கிராம் சோளமாவு. கெட்டியானதும் இறக்கிவிடக்கூடாது. குமிழி விட ஆரம்பித்த பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் கிளற வேண்டும். மஞ்சள் கருவில் உள்ள ஒரு நொதி ஸ்டார்ச்சை உடைக்கக்கூடியது. கொதிக்கவிட்டு அதை முடக்காவிட்டால் ஃப்ரிட்ஜில் வைத்த கிரீம் மறுநாள் காலையில் தண்ணீராகப் பிரிந்து நிற்கும். "கெட்டியானதும் அடுப்பை அணையுங்கள்" என்று மட்டும் சொல்லும் வகுப்பு அரைகுறை வகுப்பு.

மக்கரோன் (நடுவில் கிரீம் வைத்த வட்டமான பாதாம் பிஸ்கட்) வகுப்பைப் பற்றி ஒரு பத்தி போதும். இத்தாலிய மெரிங் முறையில் சர்க்கரைப் பாகை 118 டிகிரிக்குக் காய்ச்சி, அடித்துக்கொண்டிருக்கும் வெள்ளைக் கருவில் மெல்லிய தாரையாக ஊற்றி, பாதாம் தூளும் ஐசிங் சர்க்கரையும் சம அளவு கலந்த மாவோடு சேர்த்துக் கிளறுவார்கள். தெர்மாமீட்டர் இருப்பதால் பதம் தவறாது. தவறுவது கிளறலில். குறைத்தால் மேலே கொம்பு நிற்கும், கூட்டினால் வட்டம் பரந்து, அடியைச் சுற்றி வர வேண்டிய நுரை விளிம்பு, அதாவது பாதம், வராது. மணமும் மென்மையும் ஒன்றுசேர மக்கரோனை ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைத்துச் சாப்பிட வேண்டும். வகுப்பு முடிந்ததும் தெருவிலேயே தின்றுவிட்டு "கடை மாதிரி இல்லையே" என்று குறைபடுவதில் பயனில்லை. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மூன்றில் இது ஒன்றுதான் வழி, மேஜையில் வேறு மாவு புழங்காத இடமா என்று கேட்டுக்கொண்டால்.

பதிவு செய்யுமுன்

ஆங்கில வழி வகுப்புகளுக்கு லா குசீன் பாரி பலருக்கும் தெரிந்த இடம். ஓட்டேல் த வில் மெட்ரோவிலிருந்து நடக்கும் தூரத்தில், சேன் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. வடக்கே மோன்மார்த்ருக்கு அப்பால் 18-ஆம் வட்டாரத்தில் குக்ன் வித் கிளாஸ். 1895-இல் தொடங்கிய ல கோர்தோன் ப்ளூ 15-ஆம் வட்டாரத்தில், ஆற்றோரம். அங்கே குறுகிய கால வகுப்புகளும் உண்டு. ஒரு எச்சரிக்கை: பெரிய பள்ளிகளில் செயல்முறை விளக்கம் என்று ஒருவகை இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து சமையல் நிபுணர் செய்வதைப் பார்த்துக் கடைசியில் ஒரு துண்டு ருசிப்பது. விலை குறைவாகத் தெரிவதால் அதைப் பதிவு செய்துவிட்டு ஏப்ரனோடு போய் நிற்கக்கூடாது. கையால் செய்வதற்குத் தேட வேண்டிய பெயர் "ஆத்தலியே".

பதிவு செய்யும் முன் மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை சில. ஒரு மேஜைக்கு எத்தனை பேர்: எட்டுக்கு மேல் போனால் ஆசிரியரின் கண் உங்கள் மாவில் படாது. கட்டையா, இயந்திரமா. குறிப்பு கிராமில் தருவார்களா, கோப்பையிலா. கோப்பை அளவில் குறிப்பு தரும் பேஸ்ட்ரி வகுப்பை அந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கலாம். கோடையில் என்றால் சமையலறையில் ஏசி உண்டா. ஜூலை, ஆகஸ்டில் பாரிஸ் 35 டிகிரியைத் தாண்டுகிற நாட்கள் வருகின்றன, பழைய கட்டடங்களில் ஏசி அரிது. அந்தச் சூட்டில் வெண்ணெய் மடிப்பது ஆசிரியருக்கே போராட்டம். கோடையில் காலை வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். முட்டி வலிக்காரர்கள் சமையலறை நிலவறையில் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளலாம்; மூன்று மணி நேரமும் நின்றபடிதான்.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு மூன்றில் குரோசான் மட்டுமே ஒத்துவரும். பெரும்பாலான குறிப்புகளில் மாவுக்குள் முட்டை இல்லை, மேலே தடவுவது மட்டும்தான். உங்கள் பங்குக்குப் பாலோ கிரீமோ தடவித் தரச் சொன்னால் செய்வார்கள், நிறம் கொஞ்சம் மங்கும். எக்லேரிலும் மக்கரோனிலும் முட்டை இல்லாமல் வேலையே இல்லை. மூஸ், பளபளப்பு மேற்பூச்சு வரும் வகுப்புகளில் ஜெலட்டின் இருக்கும், அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வந்தது. வகுப்பன்று சொல்வது பயன்படாது, பதிவின்போதே எழுதிவிட வேண்டும்.

பாகெத் (நீளமான பிரெஞ்சு ரொட்டி) வகுப்பும் சில இடங்களில் உண்டு, கடிகாரச் சிக்கல் அதற்கும் இதேதான். பாகெத்தைக் கற்பதைவிட நல்லதாக ஒன்றை வாங்கித் தின்பதே மேல். பாரிஸ் நகரின் சிறந்த பாகெத் பரிசை 2023-இல் வென்றவர் இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா. கடை 20-ஆம் வட்டாரத்தில். பரிசோடு ஓராண்டுக்கு பிரெஞ்சு அதிபரின் எலிசே மாளிகைக்கு ரொட்டி கொடுக்கும் உரிமையும் வந்தது.

வகுப்புக்குப் பிறகு கடைக் குரோசானைப் பார்க்கும் கண்ணும் மாறிவிடும். "பூலாஞ்சரி" (ரொட்டிக்கடை) என்று பலகை வைக்க, ரொட்டியை அங்கேயே பிசைந்து, உருட்டி, சுட வேண்டும் என்று 1998-இல் வந்த சட்டம் சொல்கிறது. அது ரொட்டிக்கு மட்டும். குரோசானை ஆலையிலிருந்து உறைநிலையில் வாங்கிச் சுட்டு விற்கச் சட்டத்தில் தடையில்லை. தட்டில் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில் இருந்தால் சந்தேகப்படலாம்.

ஊரில் செய்வதென்றால்

வகுப்புத் தாளில் உள்ள அளவு ஏறக்குறைய இப்படி இருக்கும்: 500 கிராம் மாவு, 10 கிராம் உப்பு, 60 கிராம் சர்க்கரை, 20 கிராம் ஈர ஈஸ்ட், தண்ணீரும் பாலும் 140 கிராம் வீதம், பிசைய 50 கிராம் வெண்ணெய், மடிக்க 250 கிராம். 16 குரோசான் வரை வரும். நம் ஊரில் ஈர ஈஸ்ட் எளிதில் கிடைக்காது. உடனடி உலர் ஈஸ்ட் 7 கிராம் போதும். டி45, டி55 என்று எழுதியிருப்பது மாவின் சாம்பல் அளவைக் குறிக்கும் எண். எண் குறையக் குறைய மாவு வெளுப்பு. மைதா அதற்குப் பக்கத்தில் வரும், ஆனால் எல்லா மைதாவும் ஒரே அளவு தண்ணீர் குடிக்காது; 20 கிராம் நிறுத்தி வைத்துப் பார்த்து ஊற்றவும்.

வெண்ணெய்தான் தலைவலி. இந்தியாவில் மேஜை வெண்ணெய்க்குக் குறைந்தபட்சக் கொழுப்பு 80 சதவீதம். தண்ணீர் கூடுதலாக இருப்பதால் சீக்கிரம் இளகும். உப்பில்லாததாக வாங்கி, மடிக்கும் அறையை ஏசி போட்டு 20, 22 டிகிரிக்கு இறக்கி, கருங்கல் மேடையில் பத்து நிமிடம் ஐஸ் தட்டு வைத்துத் துடைத்துவிட்டுத் தொடங்கலாம். மாவைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒன்று மேஜையில் இருக்கும்போது மற்றது ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். உப்ப வைக்கும்போது சென்னை வெயிலில் வெளியே வைத்தால் ஒழுகிவிடும். அதே ஏசி அறையில் மூன்று மணி நேரம் ஆனாலும் பொறுத்திருக்க வேண்டும்.

பாரிஸிலிருந்து எதை வாங்கி வரலாம்? கொக்கிலியேர் தெருவில், 1820-இல் தொடங்கிய டெஹிலரின் என்ற சமையல் பாத்திரக் கடையில் பிழியும் முனைகள், கைப்பிடி இல்லாத மரக்கட்டை, நீளமான கத்தி. திக்கத்தோன் தெருவில் ஜே. தெத்து கடையில் பான் ஓ ஷோகோலாவுக்கான சாக்லேட் குச்சிப் பெட்டி, பிஸ்தா விழுது. இரண்டுக்கும் ஞாயிறு விடுமுறை, ஆகவே வகுப்பை வார நாளில் வைத்துக்கொண்டால் ஒரே நடையில் முடியும். கத்தியைக் கைப்பையில் வைக்காமல் சரக்குப் பெட்டியில் போடவும். வெண்ணெய் வாங்கி வர ஆசை வரும். விமானத்தில் அது இளகி மறுபடி உறைந்தால் மடிக்கும் குணம் போய்விடும், ரொட்டிக்குத் தடவத்தான் ஆகும்.

கையில் கொடுத்த குரோசானை அன்றே தின்ன முடியாவிட்டால் காகிதப் பையிலேயே வைக்கவும். பிளாஸ்டிக்கில் மேல்தோல் நமுத்துப்போகும். மறுநாள் 160 டிகிரி ஓவனில் ஐந்து நிமிடம் வைத்து, வெளியே எடுத்து இன்னும் ஐந்து நிமிடம் ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும். மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகிவிடும்.